தவிட்டுக்குள் பூட்டிக் கிடந்த பாஸ்பரஸ்

அன்பிலும் படிப்பிலும் குறைவில்லாத மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். கோழிகள் சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் தீவன ஆராய்ச்சிக்கூடமும் நலமென்று நம்புகிறேன்.

போன முறை வந்தபோது, "சோளத்துலயும் தவிட்டுலயும் பாஸ்பரஸ் ஏற்கெனவே இருக்கு மாமா, ஆனா பூட்டிக் கிடக்கு, கோழியால திறக்க முடியாது. இந்த என்சைம் பொடி திறந்துவிட்டுடும், பாஸ்பரஸுக்காகத் தீவனத்துல கலக்குற பாஸ்பேட்டைப் பாதியாக் குறைச்சிடுங்க" என்றீர்கள். குறைத்தேன். தீவனம் கலப்பது உங்கள் மாமியார், "மாப்பிள்ளை பொடி போட்டாச்சா?" என்று தினமும் கேட்பேன், "அதெல்லாம் ஆச்சு" என்பாள். முதலில் முட்டை ஓடு மெலிந்தது, வியாபாரி எடுத்துப் பார்க்கும்போதே விரல் உள்ளே போய் மஞ்சள் கரு வழிந்த சட்டையோடு திரும்பிப் போனார், பிறகு கோழிகள் நொண்டின, இப்போது உட்கார்ந்த கோழி எழுந்திருப்பதில்லை, நான் கொட்டகைக்குள் போனால் கூட்டத்துக்கு வந்தவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கின்றன, நானும் என்ன பேசுவதென்று தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறேன். கால்நடை டாக்டர் ஒரு கோழியின் காலை வளைத்துப் பார்த்து, "எலும்புல சத்தே இல்லீங்க, பாஸ்பரஸ் பத்தல" என்றார். பூட்டு திறக்கவில்லை, மாப்பிள்ளை.

உங்கள் மாமியாரோ, "அவரைக் குறை சொல்லாதீங்க" என்று உங்கள் கட்சி. நாளைக் காலை கறிக்கடைக்காரர் வண்டி கொண்டு வருகிறார், மொத்தக் கோழிகளையும் கொடுத்துவிடப்போகிறேன். வளர்த்த மனசு வலிக்கத்தான் செய்கிறது. அடுத்த விடுமுறைக்கு வாருங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். கொட்டகைப் பக்கம் மட்டும் வர வேண்டாம்.

மகளுக்கு என் ஆசிகள். சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம்.

இப்படிக்கு,
சத்தமில்லாமல் கோபித்துக்கொண்டிருக்கும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மாமியார் எனக்குப் பால் கொண்டுவந்து, அதில் ஏதோ பொடியைத் தூவினாள். என்னவென்று கேட்டேன். "மாப்பிள்ளை கொடுத்ததுதான். அவ்வளவு அழகான கண்ணாடி ஜாடியில கோழிக்கா கொடுப்பாரு? உங்களுக்குத்தான்னு நெனச்சு தினமும் பால்ல கலந்துக்கிட்டிருக்கேன்" என்றாள். கோழிகளின் பங்கை இத்தனை நாளும் நான்தான் குடித்திருக்கிறேன். கறிக்கடைக்காரரை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பாஸ்பேட்டை நானே பழைய அளவுக்கு அள்ளிக் கலந்துவிட்டேன். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். உடனே புறப்பட்டு வாருங்கள், அந்தப் பொடியும் வேண்டும். கண்ணாடி ஜாடி மட்டும் வேண்டாம், ஏதாவது கிழிந்த சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள்.