ஆசியா அண்ணாச்சி உட்கார்ந்த நாள்

ஆசியாக் கண்டம் மொத்தத்தையும் எழுந்து நிற்க வைத்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பருப்பு மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆசியா அண்ணாச்சிதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அந்த மண்டபத்தில் இருந்தேன், எனக்கு அது போதும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. கடை ஊழியர்களின் சிறிய சங்கம் ஒன்றுக்கு அவர் செயலாளர். அந்தச் சங்கம் மாநில அமைப்பில் சேர்ந்திருந்தது. மாநில அமைப்பு தேசிய அமைப்பில். தேசிய அமைப்பு, ஆசியா முழுமைக்குமான தொழிற்சங்கக் கூட்டமைப்பில். நடுவில் இருக்கும் படிகளை அண்ணாச்சி கண்டுகொள்வதே இல்லை. அவரைப் பொறுத்தவரை ஆரியசாலைக்கு அடுத்த ஸ்டாப் ஆசியா. டீ தண்ணியாக இருந்தால், "ஆசியா முழுக்கத் தொழிலாளிக்கு இந்த டீதான் பிள்ளே" என்பார். சங்க அறை வெங்காயக் கடைக்கு மேல் மாடியில். சுவரில் பெரிய ஆசிய வரைபடம். அதில் திருவனந்தபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியடித்துக் காலண்டர் மாட்டியிருந்தார். "நம்ம ஊரு எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியும். மத்தவன் ஊரத்தானே பாக்கணும்" என்று அதற்கு விளக்கம் வேறு.

நான் சாலைக் கடைத்தெருவில் நாலு மாடிச் சேலைக்கடை ஒன்றில் விற்பனைப் பெண். இப்போதும் அங்கேதான். பத்திரிகைக்கு எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜோலி. எங்கள் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த ஸ்டூல் உண்டு. விற்கிற எங்களுக்குத் தரை உண்டு, அதில் தாராளமாக நிற்கலாம். காலையில் கதவு திறந்ததிலிருந்து ஷட்டர் விழும்வரை நின்றே ஆக வேண்டும். சுவரில் லேசாகச் சாய்ந்தால் கேமராவில் பார்த்து ஆள் அனுப்புவார்கள்.

என் பக்கத்துக் கவுண்டரில் ராஜம்மா. போனக்காடு தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். அவள் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. நின்று நின்று அவளுக்குக் காலில் நரம்பு புடைத்துவிட்டது. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது. கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள்.

"இனியும் இப்படி நின்னா பிறகு நடக்கவே முடியாதுன்னு டாக்டர் பறஞ்சாரு. ஜோலிய விட்டா வீட்டுல எல்லாரும் பட்டினி. எதடி விட?" என்று ஒருநாள் கேட்டாள்.

நாங்களும் சும்மா இருந்துவிடவில்லை. கால் கடுத்தால் ஒரு குண்டூசியைக் கீழே போட்டுவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் குந்தியிருந்து தேடுவோம். அந்த ஊசி லேசில் கிடைக்காது. எங்கள் மாடியில் ஊசி விழுந்த மாதிரி வேறு எங்கும் விழுந்திருக்காது. சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்து, ஒருநாள் நீளக் குச்சியின் நுனியில் காந்தத்தைக் கட்டிக் கொண்டுவந்தார். "இனி ஆரும் குனிஞ்சு கஷ்டப்பட வேண்டா" என்றார். என்ன ஒரு கருணை பாருங்கள்.

அன்றைக்கே வெங்காயக் கடை மாடிக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட அண்ணாச்சி, ராஜம்மாவின் காலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"செரி. ஒங்களுக்கு ஸ்டூல் கிடைக்கிற வரைக்கும் நானும் இரிக்க மாட்டேன்."

தலைவர்கள் பேசுகிற பேச்சு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தோம். மனுஷன் நிஜமாகவே சொல்லியிருக்கிறார் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

காலி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சேட்டா, சீட்டு முழுக்கக் காலியாணு, இரிக்கணும்" என்று கண்டக்டர் கெஞ்சினார். "சேலைக்கடையில பெண்ணுங்க இரிக்கட்டும், பிறகு பாக்கலாம்" என்றார் அண்ணாச்சி. "அதுக்கு என்டெ பஸ்ஸு என்ன செய்தது?" என்று கண்டக்டர் நொந்துபோனார். சலூனில் நின்றபடியே ஷேவ் செய்யச் சொன்னார். அண்ணாச்சி பனைமரம் மாதிரி வளர்ந்த ஆள். பார்பர் ஸ்டூல்மேல் ஏறி நின்று, வேலையை முடித்தார். வீட்டில் மதினி சோற்றுத் தட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "அங்கே நின்னு தின்னுங்க. ஒங்க ஆசியாவுக்கும் ரெண்டு வாய் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஸ்டூல் கேட்டு மனு கொடுக்கப் போன தொழிலாளர் அலுவலகத்தில் வேறு கூத்து. அதிகாரி நல்லவர். எதிரில் ஒருவர் நிற்க, தான் உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சம். எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து கிளார்க்குகள் எழுந்தார்கள். அலுவலகமே தேசியகீதம் பாடுகிற மாதிரி நின்றது. "அண்ணாச்சி, தயவு பண்ணி இனி போன்ல பேசுங்கோ" என்று கைகூப்பி அனுப்பிவைத்தார் அதிகாரி.

எங்கள் கடை முதலாளி மட்டும் அசையவில்லை. "இரிக்கிற பெண்ணப் பாத்தா கஸ்டமருக்கு வாங்க மனசு வராது. அந்த ஆளு நின்னா நிக்கட்டும், எனக்கென்ன? என் கடைக்குள்ள கால் வைக்கப்படாது." மழைக்காலம் போய் ஓணமும் போயிற்று. அண்ணாச்சியின் முட்டி வீங்க ஆரம்பித்தது. "போதும் அண்ணாச்சி, விட்டுருங்க" என்று ராஜம்மா அழுதாள். "ஒன் கால் வீங்கலாம், என் கால் வீங்கப்படாதோ?" என்றார்.

அப்போதுதான் ஆசியாவே ஊருக்கு வந்தது. கூட்டமைப்பின் மாநாடு எங்கள் நகரத்தில். அண்ணாச்சி பெண்ணைப் பெற்றவர் மாதிரி அலைந்தார். எங்கள் இருவரையும் லீவு போடச் சொல்லி அழைத்துப் போனார். ஏசி மண்டபம், மெத்தை நாற்காலிகள், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு நாட்டின் பெயர். அண்ணாச்சி முன்வரிசை ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

மேடையில் தலைமை வகித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மாள். நிற்கிறவரைப் பார்த்ததும், ஏதோ ஆட்சேபம் சொல்கிறார் என்று நினைத்து அறிக்கை வாசிப்பதை நிறுத்தினார். அண்ணாச்சி ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுக் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். வாசிப்பு தொடர்ந்தது. மறுபடி அம்மாளின் கண் இவர்மேல் விழுந்தது, வாசிப்பு மறுபடி நின்றது. இதற்குள் ஜப்பான் மேஜையில் ஒரு பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவர் தலைகுனிந்து அசையாமல் நிற்கிறார் என்றால் யாரோ தலைவர் காலமாகிவிட்டார் என்றுதானே அர்த்தம்? பெரியவர் மெதுவாக எழுந்து தலைகுனிந்தார். பக்கத்தில் கொரியா எழுந்தது. நேபாளம், இலங்கை, இந்தோனேஷியா எல்லாம் எழுந்தன. கடைசியில் மேடையும் எழுந்தது.

யார் செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாள் கையசைத்து அண்ணாச்சியை மைக்குக்கு அழைத்தார். தொண்டர் பெண் ஒருத்தி மொழிபெயர்க்க வந்து நின்றாள்.

"ஆரும் சாவல்ல. இந்தப் பிள்ளைகளோட காலுதான் செத்துக்கிட்டிருக்கு. நாள் முழுக்க நின்னு சேலை விக்குதுக, இரிக்க அனுவாதம் இல்ல. அதுக்காக நான் நிக்கேன். நீங்க எதுக்கு நிக்கிய? இரிங்க."

ஒருவரும் உட்காரவில்லை. நேபாளத்து ஹோட்டல் பெண் ஒருத்தி, எங்கள் வரவேற்பறையிலும் இதே கதைதான் என்றாள். இந்தோனேஷியாவில் பில் போடுகிற பெண்ணும் அதையே சொன்னாள். தலைமை அம்மாளே ஒரு காலத்தில் துணிக்கடையில் நின்றவராம். அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பி, "ஆசியா முழுக்கன்னு நான் பறஞ்சேனா இல்லையா?" என்று கேட்டார். இவர் எங்கள் அண்ணாச்சி என்று அந்த மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு.

மறுநாள் சாயங்காலம் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெரிய கூட்டம் எங்கள் கடைக்குள் நுழைந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தானே ஸ்டூல்களை இழுத்துப் போட்டார். "சிட், மேடம், சிட்." யாரும் உட்காரவில்லை. பிலிப்பைன்ஸ் அம்மாள் ராஜம்மாவைச் சுட்டிக்காட்டி, முதலில் அவர் என்றார். முதலாளி சிரித்து மழுப்பினார். பட்டுச் சேலைகளை எடுத்துக் காட்டினார். ஜூஸ் வரவழைத்தார். ஆசியா நின்றபடியே ஜூஸ் குடித்தது. சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்களும் விஷயம் கேட்டு ஒவ்வொருவராக ஸ்டூலை விட்டு எழுந்தார்கள்.

விரித்த பட்டு விற்காமல் கிடப்பதை முதலாளி ஜன்மத்தில் பார்த்ததில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கவுண்டருக்கு உள்ளே வைத்தார். "இரி மக்களே, இரி" என்றார். ராஜம்மா உட்கார்ந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். உள்ளே விடாததால் அண்ணாச்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்துட்டாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியே கடைப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேர் ஆட்டோவில் தூக்கி வைத்தார்கள்.

பின்னால் உட்காருவதற்குச் சட்டமே வந்தது. அதற்காக எத்தனையோ பேர் போராடினார்கள், எங்கள் பங்கும் அதில் இருக்கிறது. இப்போது எல்லாக் கவுண்டரிலும் ஸ்டூல் உண்டு. ராஜம்மா செருப்புப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறாள்.

அண்ணாச்சி எப்போதாவது கோலூன்றி வருவார். இப்போது முதலாளியே கதவைத் திறந்துவிடுகிறார். முதன்முறை அவர் வந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவருக்கு வந்ததே கோபம். "இதுக்கா நான் நின்னேன்? இரிங்க பிள்ளைகளே" என்று விளாசிவிட்டார்.

அதனால் இப்போது அவர் கோல் சத்தம் படியில் கேட்டதுமே, எங்கள் அத்தனை பேருக்கும் மேல்தட்டிலிருந்து ஏதாவது ஒரு சேலை எடுக்க வேண்டி வந்துவிடும். அவர் ஸ்டூலில் உட்காரும் வரைக்கும் அந்தச் சேலை லேசில் கிடைக்காது.