பைன் மரத்துக் கங்கம்மா

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பாம்பு, பேய் எல்லாம் அப்புறம்தான். என் முதல் பயம் வீட்டு ஓனர். வாடகை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது.

பலமனேரில் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை கிடைத்து, வேலூரிலிருந்து மனைவி செல்வியோடு குடிவந்தேன். மாடியில் நாங்கள், கீழே ஓனரம்மா. கேட்டோரம் ஒரு பைன் மரம். கல்யாணமான புதிதில் அவர் கணவர் ஊட்டியிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. கணவர் இப்போது இல்லை. மகள் பிரசவத்துக்காக ஐதராபாத் கிளம்பியபோது மரத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பாபு, தண்ணி காட்டாம உட்டுடாத. இதுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நீ வேற வீடு பாத்துக்க."

செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த நிலையில் எங்கே போய் வீடு தேடுவது? காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். ஊசி இலைகள் பழுத்தன. பயத்தில் இன்னும் ஊற்றினேன். பழுத்தது காய்ந்தது. சாணி எருவைக் குவித்து அதன்மேலும் ஊற்றினேன். (மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு உபசாரம் செய்ததில்லை.)

எதிர்வீட்டு ரமணம்மா எட்டிப் பார்த்தார். "திஷ்டிப்பா இது. மஞ்சா பூசி, குங்குமம் வெச்சி, மஞ்சத் துணி கட்டு. தானா துளுக்கும்."

கட்டித் தொலைத்தேன். அது ஆடி மாதம் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை வழியே போன ஒரு பெண் மரத்தைக் கும்பிட்டு, தன் குடத்துத் தண்ணீரை அப்படியே வேரில் ஊற்றினார். வெள்ளிக்கிழமைக்குள் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. மரத்துக்கு ஊர் அம்மன் பெயரைச் சேர்த்து 'பைன் கங்கம்மா' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நானும் பயபக்தியோடு மரத்தைச் சுற்றிவந்தேன். கால் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது. குனிந்து கிளறினால் குடலைப் பிடுங்கும் நாற்றம். ஒரு வேர் பிசுபிசுவென்று கையோடு வந்தது. ஐயோ! மரத்துக்கு நோயே கிடையாது, நான்தான் நோய்!

"செல்வி, தண்ணி ஊத்தி ஊத்தி வேர அழுவ வெச்சிட்டேன்டி."

"அப்ப இவங்கள நிறுத்தச் சொல்லேன்யா."

"கங்கம்மாவுக்கு ஊத்தாதீங்கன்னு நானா சொல்றது? தொலைச்சிப்புடுவாங்க!"

அந்த நேரம் பார்த்து கேட்டருகே ஆட்டோ நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் ஓனரம்மா இறங்குகிறார்! எனக்கு முதலில் கால் நடுங்கியது, அப்புறம் கை, அப்புறம் பற்கள் தந்தியடித்தன. (சத்தியமாகப் பயம்தான்.) ரமணம்மா அலறினார்:

"அம்மா வந்துட்டா! தம்பி மேல அம்மா எறங்கிட்டா!"

ஒருத்தி குடத்தைத் தட்டித் தாளம் போட்டாள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். "தாயே, இன்னா கொற வெச்சோம்? இன்னா வேணும், சொல்லு!"

ஓனருக்குப் பயந்து நடுங்குகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வந்தது வேறு: "தண்ணி வேணாம்! குளுருது! வேரு அழுவுது!"

எல்லாக் குடங்களும் கீழே இறங்கின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓனரம்மா வந்தார். செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் சேற்றுக்காலை அவர் தொட்டார்.

"அவுரு நட்டது தாயே. அவுரு போனப்புறம் எனக்கு இது ஒண்ணுதான். பொழைக்குமா?"

அந்தக் குரலைக் கேட்டதும் வீட்டுப் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. "பொழைக்கும்" என்று சொல்லிவிட்டேன். அம்மன் பெயரில் வாக்குக் கொடுத்தாயிற்று!

மறுநாளே எருவை வாரிக் கொட்டினேன். அழுகிய வேர்களை நறுக்கி, மணல் கலந்து, தண்ணீர் வடியத் தெருவரை கால்வாய் வெட்டினேன். தினமும் விடிந்ததும் கிளை நுனியைப் பார்த்து, கங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்களுக்கு மகள் பிறந்தாள். கார்த்திகைக் குளிரில் ஒரு நாள் நுனியில் பச்சை தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள்; திருப்பதியில் சொந்த வீடும் வாங்கிவிட்டோம். காலி செய்கிறோம் என்றால் ஓனரம்மா கேட்பதில்லை. "நீ சொன்னா ஆச்சா பாபு? அம்மா சொல்லட்டும்."

கடைசியாக ஒரு தடவை பேசிவிடலாம் என்று படியிறங்கினேன். மேலேயிருந்து மகள் கத்தினாள்: "நைனா, நடுங்காம சொல்லு! இல்லாட்டி கற்பூரம் ஏத்திடுவாங்க!"

நடுங்கிவிட்டேன். "எங்கள உட்டுப் போயிடுவியா தாயே?" என்று ஓனரம்மா காலைத் தொட, "போவல" என்று சொல்லிவிட்டேன். திருப்பதி வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.