கருவேலனைச் சாய்த்த புளியங்கொட்டை

ராயபுரம்
14-6-2009

கடல் மேல் மிதந்துகொண்டே கரையில் இருப்பவர்களுக்குக் கட்டளை போடும் அன்புத் தம்பி எழிலனுக்கு, அக்கா மலர்க்கொடி எழுதுவது. இங்கே நானும் மதியும் சுகம். இட்லிக் கடையும் சுகம். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டியதை எல்லாம் மேற்கொண்டு படிப்பதற்கு முன்னாலேயே இருந்து முடித்துவிடு. போனில் சொல்லியிருக்கலாம்தான். போன் என்றால் பாதியிலேயே கத்துவாய். கடுதாசிக்குக் காது கிடையாது.

விஷயம் உன் கருவேலனைப் பற்றியது. போன ஞாயிறு மத்தியானம் மூன்றரை மணிக்குக் காலமானான்.

உட்காருடா. முழுசாகப் படி.

கப்பலுக்குக் கிளம்பும்போது வாசலில் பையோடு நின்று, "யக்கா, பொங்கலுக்கு வந்து நான் டிராகன வெட்டணும். அதுவரிக்கும் கருவேலன் உசுரு ஒன் கையில கீது" என்று சொல்லிவிட்டுப் போனாய். ரெண்டு வருசம் ஒரே தாளில் அழித்து அழித்து எழுதி வளர்த்த வீரன். எனக்கென்ன தெரியாதா?

ஆட்டம் புரிந்ததா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே புரிந்தது. ஆளுக்கு ஒரு வீரனைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இருபது மூஞ்சி தாயக்கட்டையை உருட்டி, எதிரே வரும் பூதத்தை வெட்ட வேண்டும். உன் தோஸ்துகள் லூயிசும் அமீருதீனும் வீரர்களை ஆட்டுவார்கள், உன் கருவேலனையும் சேர்த்து. பூதங்கள் என் பொறுப்பு. சிங்கப்பூரில் வாங்கிய தடிப் புத்தகத்தைப் பார்த்து நீ தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டுதான் எங்களுக்குச் சட்டம். அதில், பெரிய பூதத்துக்கு முன்னால் அடி வாங்க வருகிற சில்லறைப் பூதத்துக்கு 'அல்லக்கை' என்று பேர் வைத்திருந்தாய். கட்சிக் கூட்டத்தில் தலைவருக்கு சோடா உடைத்துக் கொடுக்கிறவனைத்தானே அப்படிச் சொல்வோம் என்று எனக்கு உடனே பாசம் வந்துவிட்டது. பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தினேன். ஒன்று மட்டும் ஓரம் உடைந்தது. அதற்குப் பொக்கை என்று பேர் வைத்தேன்.

அல்லக்கைக்கு நீ எழுதியிருந்தது ஒரே வரி: 'உயர 1 அடி'. சரி, முழங்காலுக்குக் கீழே நிற்கிற பயல்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். உயிர் எவ்வளவு என்று எங்கேயும் காணோம். பிள்ளைகள் பாவம், ஆளுக்கு முப்பது போட்டேன். ஹார்பரில் கன்டெய்னரைப் பூப்போல இறக்குகிற அமீருதீன் முதல் உருட்டிலேயே குதித்தான்.

"யக்கா, பதினெட்டு! பொக்க காலி!"

"எங்க காலி? அவன் ஒரு அடி ஒசரம். ஒன் கத்தி தல மேல பூட்ச்சு. குனிஞ்சி வெட்டு நைனா."

"குனிஞ்சா?"

"முதுகு தெரியும். மீதி பதினோரு பேரும் ஏறுவானுங்க."

"இன்னாக்கா பேஜாரா கீது! மலப்பாம்பயே ரெண்டா பொளந்தவன் கருவேலன். புளியங்கொட்டைக்குப் போயி குனியணுமா?"

"ஒந் தோஸ்து எழுதி வெச்சி கீறான். அவனாண்ட போயி கேளு."

மூன்று ஞாயிறு குனிந்தார்கள். தாளில்தான் குனிந்தார்கள் என்றாலும் அமீருதீன் நிஜமாகவே இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது ஞாயிறு கருவேலன் குனிந்தான், பொக்கை அவன் காதைப் பிடித்துத் தோளில் ஏறினான், நான் டபராவுக்குள் தாயக்கட்டையை உருட்டி எட்டிப் பார்த்தேன். இருபது! அது விழுந்தால் வெட்டுப்பட்டவன் அங்கேயே காலி என்பது உன் நோட்டுச் சட்டம். லூயிஸ் சிலுவை போட்டுக்கொண்டான். அமீருதீன் டீயைக் கீழே வைத்துவிட்டான். என் கையால் சுட்ட மெதுவடை நாலு மிஞ்சியது, கடை பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.

நேற்று ஒன்பதாவது படிக்கிற உன் மருமகள் மதி நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "யம்மா, இது 'உயர' இல்ல, 'உயிர்'. மாமா ய மேல சுழியும் போடல, ர மேல புள்ளியும் வெக்கல" என்றாள். உயிர் 1 அடி! ஒரே ஒரு அடி பட்டால் போதும், அல்லக்கை ஆள் அவுட். அப்படி ஆடியிருந்தால் பன்னிரண்டு பேரும் முதல் ஞாயிறு டீ கொதிப்பதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கருவேலன் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருப்பான். எழுத்தறியாத அக்கா செய்த பிழை, பொறுத்துக்கொள். அவன் தாளை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன், பூச்சி அரிக்காது.

காசிமேட்டுக் காற்று உன் கப்பலைப் பின்னால் நின்று தள்ளட்டும். வெயில் உன்னைக் கொஞ்சமாகக் கறுப்பாக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் அக்கா
மலர்க்கொடி

பி.கு. மதி ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறாள், அதற்குள் ஒன்று. அது 'உயிர்' என்று எனக்கு முதல் ஞாயிறே தெரியும். நாலாவதோடு நின்றவள்தான்; ஆனால் நீ சுழியும் புள்ளியும் இல்லாமல் கிறுக்கிய சிலேட்டைத் தினம் தினம் திருத்தி அனுப்பியவளும் நான்தானே? அப்போதெல்லாம் துடைப்பக் குச்சியோடு நீ வீரன், நான் அல்லக்கை. ஒரே குத்தில் விழ வேண்டும், எழுந்தால் அழுவாய். எத்தனை ஆயிரம் தடவை செத்தேன்டா! ஒரு கொட்டையாவது எழுந்து நிற்கட்டுமே என்று பார்த்தேன். டபராவுக்குள் விழுந்தது இருபது இல்லை, இரண்டு. கருவேலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கலுக்கு வந்து பொக்கைக்கு ஒரு கும்பிடு போடு, எழுப்பிவிடுகிறேன். ஆனால் டிராகனை வெட்டப்போவது நான். பன்னிரண்டு கொட்டையும் உனக்கு. உயிர் 1 அடி. சுழி, புள்ளி எல்லாம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.