பானை கமிஷன் எண்ணிய பொங்கல்

அந்தப் பொங்கல் காலையில் தெருவில் நின்றவர்கள்: நான், மாட்டுவண்டி ஓட்டுபவன். பட்டறை ஆசாரி. எதிர்வீட்டு நாயுடு. நாயுடு சம்சாரம். நோட்டும் பென்சிலுமாகப் பானை கமிஷன்.

பொங்கல் பானையை எண்ணி நாட்டுக்கு எல்லை போடப் பார்த்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்; அதனால் ஊர் வைத்த பேர் அது. கடலை மண்டியில் எடை போடுவது வேலை. ஆந்திரா தனியாகப் பிரிந்து, நகரிப் பக்கத்து எங்கள் ஊர் தமிழ்ப் பக்கமா தெலுங்குப் பக்கமா என்று பேச்சு நடந்த காலம். பொங்கலன்று எல்லையைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

"வாசல்ல பானை வச்சா தமிழு வூடு. கொப்பெம்மா வச்சா தெலுங்கு வூடு. இதுல இன்னா சந்தேகம்?" என்றார் கமிஷன்.

கொப்பெம்மா என்பது சாணி உருண்டை. பூசணிப்பூ செருகிக் கோலத்தில் வைப்பார்கள். எங்கள் பெண்களும் மார்கழியில் வைப்பார்கள். தை பிறந்தால் நிறுத்திவிடுவார்கள். தெலுங்குக்காரர்கள் சங்கராந்திக்கும் வைத்து, சுற்றி வந்து பாடுவார்கள்.

ஆசாரி வீட்டில் அண்ணன் தம்பி சண்டை. மூன்று அடுப்பு, மூன்று பானை. மூன்று தமிழ் வீடு என்று கமிஷன் எழுதிக்கொண்டார். நாயுடு வீட்டில் பானை உள்ளே இருந்தது.

"நாங்க மட்டும் பொங்கல் துன்றதில்லையா?" என்றார் நாயுடு.

"துன்னு நைனா, யாரு வேணான்னா? உள்ள வச்சது செல்லாது."

கடைசியில் கமிஷன் வீடு. பானை பொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அவர் சம்சாரம் கொப்பெம்மா வைத்துக்கொண்டிருந்தார். பங்காருபாளையத்துத் தெலுங்குப் பெண். கல்யாணம் ஆன நாளாக இரண்டையும் வைப்பவர்.

"எடுத்துடுமே. ஆபீசர் வர்ற நேரம்."

"ஏமய்யா, பானை உன்னுது, இது என்னுது. வாசல் ரெண்டு பேருதுந்தான?"

"இன்னிக்கி கூடாது. கணக்கு கெட்டுப்பூடும்."

அந்தம்மா ஒன்பது உருண்டையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தார். "எங்கம்மா வாசல்ல வச்சிக்கறேன்" என்றார். கூடையோடு பஸ் ஏறினார். கண்டக்டர் சாணிக்கும் லக்கேஜ் கேட்டாராம். தெருவே சிரித்தது. நானும்தான்.

அதிகாரி வரவில்லை. நாளைக்கு வருவார் என்றார்கள்.

"அவரு வந்துட்டு போவட்டும். போயி கூட்டிகினு வரேன்" என்று கமிஷன் காத்துக்கிடந்தார். தை போயிற்று. மாசியில் அம்மா வீட்டில் அந்தம்மாவுக்குக் காய்ச்சல். இவர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த பொங்கல். வருஷம் திரும்பாத சாவு வீடு, பானை கிடையாது. விடிந்ததும் கமிஷன் வாசலில் உட்கார்ந்து சாணி பிசைந்தார். மண்டியில் எடைக்கல் தூக்கிய கை. உருண்டை நிற்கவில்லை. சரிந்து சரிந்து விழுந்தது.

ஆசாரி அதட்டினார். "சாவு வூட்டுல பண்டிகையா? வருசம் திரும்பல."

"பானைதான கூடாது? நானு பானையா வச்சிகினு கீறேன்?"

நாயுடு சம்சாரம் மெதுவாகச் சொன்னார். "எங்க மொறையிலயும் கூடாது அண்ணா."

கமிஷன் நிமிர்ந்தார்.

"அவ வைக்கறேன்னா. நானு கூடாதுன்னேன். இப்போ அவளுக்கோசரம் நானு வைக்கறேன். நீங்க கூடாதுன்றீங்க. இந்த வாசல்ல அவ எப்பதான் வைக்கறது?"

நாயுடு சம்சாரம் போய் மடி நிறையப் பூசணிப்பூ கொண்டுவந்தார். ஆசாரி தண்ணீர் ஊற்றினார். நான் கமிஷன் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டினேன்.

ஒன்பது.