டயர்க்காரர் சுட்ட பாப்ஓவர்

இனிமே உசுரே போனாலும் கட்டிலை விட்டு எறங்கறதில்லைன்னு டயர்க்காரர் முடிவு கட்டிட்டாரு.

டயர்க்காரர்னு பேருதான். இப்ப டயரும் இல்ல, கடையும் இல்ல. முதலாளி ஒரு நாள் ஷட்டரை இழுத்து மூடிட்டு மகன் வீட்டோட போயிட்டாரு. ஊருக்கெல்லாம் காத்தடிச்ச மனுசன், பஞ்சரான டியூபாட்டம் வீட்டுல சுருண்டுட்டாரு. சுவரைப் பாத்துத்தான் படுப்பாரு. சுவத்துல ஈரம் ஊறி ஒரு கறை. நாளுக்கு நாள் அது பெருசாயிட்டே வருது. அந்த வீட்டுல வளர்றது அது ஒன்னுதான். வெளியில வானமாவது நல்லா இருக்கா? மழையுமில்லாம வெயிலுமில்லாம, சாம்பலைக் கரைச்சு ஊத்துன மாதிரி நிக்குது.

"ஏங்க, சவரமாவது பண்ணக் கூடாதா?" பொண்டாட்டி கேட்டா.

"யாரு பாக்கப் போறா?"

"நான் ஒருத்தி இருக்கேனே."

"நீதான் பாத்துப் பாத்துச் சலிச்சாச்சே."

"நான் சலிச்சது மாவைங்க. உங்களை இன்னும் சலிக்கலை."

அவ சலிக்கிற மாவு பாப்ஓவர்ங்கற வெள்ளக்காரப் பலகாரத்துக்கு. கீழ காபிக்கடைக்குத் தினமும் விடியக்காலையில சுட்டுக் குடுக்கறா. முட்டை, பால், மாவு, துளி உப்பு. அவ்வளவுதான். தண்ணியாக் கலக்கி, சூடேறுன குழித்தட்டுல ஊத்தி அடுப்புக்குள்ள தள்ளுனா, சோடா மாவும் இல்லாம ஈஸ்ட்டும் இல்லாம, குழியை விட்டு எந்திரிச்சுத் தலைப்பா கட்டிக்கிட்டு நிக்கும். பிச்சுப் பாத்தா உள்ள வெறும் பொந்து.

"பேரே ஓவர். உள்ள ஒன்னுமே இல்லாததுக்கு இந்த அலட்டல் அதைவிட ஓவர்"னு இவரு படுத்தபடியே நக்கலடிப்பாரு.

"உள்ள ஒன்னும் இல்லைன்னாலும் அது எந்திரிச்சு நிக்குதுங்க"ம்பா அவ. அதோட இவரு தலைக்கு மேல போர்வை ஏறிக்கும்.

இப்படிப் போயிட்டிருந்தப்பதான் அவ படியில வழுக்கி விழுந்தா. வலது மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. கட்டுப் போட்ட கையோட வந்து கட்டில் பக்கத்துல நின்னா.

"இனிமே நீங்கதான் சுடணும்."

"நானா! எனக்கு நட்டு போல்ட்டுதான் தெரியும்."

"நான் சொல்லித் தரேன். காபிக்கடைக்காரர் இன்னைக்குச் சாயங்காலம் வந்து தின்னு பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. நல்லா இருந்தா தினமும் உங்க கைதான். கெட்டுப்போச்சுன்னா விட்டுடுவோம். நான் கேக்கவே மாட்டேன்."

தினமும்! விடியக்காலையில! கட்டிலே காலைப் புடிச்சுக்கிட்டு அழுவுற மாதிரி இருந்துச்சு இவருக்கு. ஆனா கடைசியா சொன்னாளே ஒரு வார்த்தை, கெட்டுப்போச்சுன்னா கேக்க மாட்டேன்னு, அது காதுல தேனா வந்து விழுந்துச்சு. கெடுக்கறதுக்கு என்ன படிப்பா வேணும்?

"சரி சரி, சுடறேன்"னு எந்திரிச்சாரு.

பக்கத்துல நின்னு அளந்து கலக்க வெச்சா. கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு நிக்கறாளே, கலக்கறதுல கெடுக்க முடியலை.

"அவன் சூடாயிட்டானா பாருங்க."

"எவன்?"

"அவன்தாங்க, அடுப்படில கண்ணாடிக் கதவு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானே."

"அவன் என்னைக்கோ சூடாயிட்டான். நான்தான் ஆறிப்போயிட்டேன்."

தட்டை உள்ள தள்ளுனதும் அவ செருப்பை மாட்டுனா. "நான் போயி காபிக்கடைக்காரரைக் கூட்டியாரேன். ஒன்னு மட்டும் மறந்துடாதீங்க. நடுநடுவுல கதவைத் தொறந்து விடணும். காத்து போனாத்தான் உப்பும். தொறக்காம வெச்சீங்க, அவ்வளவுதான், செருப்பாட்டம் சப்பையாயிடும்."

இதைக் கேட்டதும் டயர்க்காரருக்கு உள்ளுக்குள்ள ஒரு துள்ளல். காத்து விஷயத்தை இவருக்கு யாரும் சொல்லணுமா? வெளியிலேருந்து காத்து போகாம எந்த டியூப் உப்பியிருக்கு? மவளே, ஒரு பொட்டுக் காத்து உள்ள போகுதா பாக்கறேன்.

அவ தலை மறைஞ்சுச்சோ இல்லையோ, முக்காலியை இழுத்துக் கதவுக்கு அண்டக் குடுத்தாரு. அதுமேல உக்காந்தாரு. முதுகு சுட்டுச்சு. பரவாயில்லைன்னு இன்னும் அழுத்தி உக்காந்தாரு.

கொஞ்ச நேரம் போச்சு. சும்மா திரும்பி கண்ணாடி வழியாப் பாத்தாரு. பகீர்னு ஆயிடுச்சு. ஓரமெல்லாம் மேல ஏறுது!

"ஏறாத. சொன்னாக் கேளு, ஏறாத."

அது பாட்டுக்கு ஏறுது. கழுத்து வந்துச்சு. தலை வந்துச்சு. ஒன்னு பக்கத்துல இருக்கறதை இடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்குது. கதவைத் தொறந்து ரெண்டு தட்டுத் தட்டலாமான்னு கை போச்சு. சட்டுனு புத்தி வேலை செஞ்சுச்சு. அடைச்சு வெச்சதுக்கே இந்த ஆட்டம். தொறந்து காத்தும் போச்சுன்னா கூரையை முட்டுமே! கையை இழுத்துக்கிட்டாரு.

ஆனா பாருங்க, அந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணு நகரலை. பம்பு இல்லை, கம்ப்ரஸர் இல்லை. தானா நிமிருது. பாத்துக்கிட்டே இருந்தாரு. முக்காலியைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடிக்கு நேரா உக்காந்தாரு.  

காபிக்கடைக்காரர் வந்தாரு. ஒன்னை எடுத்துப் பிச்சாரு. ஆவி பொசுக்குனு வந்துச்சு. வாயில போட்டுக்கிட்டு கண்ணை மூடுனாரு.

"அண்ணே! அக்கா கைக்கே இப்படி உப்பாதே!"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைங்க"ன்னா பொண்டாட்டி, சிரிக்காம.

"நெனைக்கறதென்ன, நாளைலேருந்து இவருதான்! ஏண்ணே, நடுவுல கதவைத் தொறக்கவே இல்லைல்ல? நெனச்சேன். உள்ள இருக்கற ஆவிதானே தூக்குது? ஒரு தடவை தொறந்திருந்தாலும் பொசுக்குனு அமுங்கியிருக்கும். என் வீட்டுக்காரி தொறந்து தொறந்து பாத்தே தகடாக்கிடுவா."

டயர்க்காரர் மெதுவா திரும்பிப் பொண்டாட்டியைப் பாத்தாரு. அவ அக்கறையா கைக்கட்டைத் தடவிக்கிட்டிருந்தா.

காபிக்கடைக்காரர் எறங்கிப் போனதும் ஆரம்பிச்சாரு. "அடிப்பாவி! தொறக்கணும்னுதானே சொன்ன?"

"சொன்னேன்."

"தொறந்தா அமுங்கும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுமே."

"அப்புறம் எதுக்குடி சொன்ன?"

"நான் சொல்லி என்னைக்கு நீங்க கேட்டிருக்கீங்க?" சொல்லிட்டு அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. "எந்திரிங்க எந்திரிங்கன்னு எத்தனை நாளு சொன்னேன். வாயே வலிச்சுப்போச்சுங்க."

இவருக்கு அது உள்ள போயிக் குத்துச்சு. குத்துனதைக் காட்டிக்கலாமா? ஆம்பளையாச்சே.

"இப்பவும் சொல்றேன் கேட்டுக்க. இனிமேலும் நீ சொல்றதைக் கேக்கப் போறதில்ல!"

"ஒன்னைக்கூடவா?"

"ஒன்னைக்கூட!"

"சத்தியமா?"

"உன் தலை மேல சத்தியமா!"

"சரிங்க"ன்னா. "நாளைக்குக் காலையில நீங்க எந்திரிக்கவே வேணாம். நல்லாப் போத்திட்டுப் படுத்துக்கங்க."

கட்டில் பக்கமா ஒரு எட்டு வெச்ச டயர்க்காரர், சத்தியம் ஞாபகம் வந்து காலைப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

மறுநாள் கிழக்கு வெளுக்கறதுக்கு முன்னாடி அடுப்படியில முட்டை உடையுற சத்தம் கேட்டுச்சு. கட்டில்ல கையைக் காலை விரிச்சுப்போட்டுப் படுத்திருந்தது பொண்டாட்டி.