இரண்டு சமையலறைக்கு நான்கு போல்ட்டு

டத்தோ கிராமாட்,
பினாங்கு.

அன்புத் தம்பி சுகுமாரனுக்கு,

அக்கா நவமணி எழுதுவது. நான் நலம். ஈப்போவில் நீயும் உன் மனைவி துளசியும் நலமாக இருப்பீர்கள். முதலில் நீ கேட்டதற்குப் பதில்: சம்மதம். வரும் ஞாயிற்றுக்கிழமை வீடு வாங்குபவரை அழைத்து வா. கையெழுத்துப் போட்டுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன். ரிட்டாயர் ஆன பிறகு தனியாக இருந்து என்ன செய்யப் போகிறேன் என்று நீ கேட்டதும் நியாயம்தான்.

இனி, சமையலறை நவீனமாக இருந்தால் வீடு சீக்கிரம் விலைபோகும் என்று நீ அனுப்பிய புகை உறிஞ்சும் எந்திரத்தின் கதை. இருபத்தெட்டு கிலோ. அடுப்புக்கு மேலே அதை மாட்ட வந்தவர் பழனியப்பன். அப்பா காலத்துச் சுவர் அல்லவா, துளை போட்டால் மாவாகக் கொட்டுகிறது. பிளாஸ்டிக் குழலைச் செருகி ஸ்க்ரூ முடுக்கினார். தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் எந்திரம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. நீளமான ஸ்க்ரூ வாங்கி வந்தார்; அது சுவரையும் பெயர்த்துக்கொண்டு வந்தது, தாங்கிப் பிடித்த என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. கடைசியில், ஸ்க்ரூ இதில் நிற்காது, அந்தப் பக்கம் வரைக்கும் போல்ட்டு விட்டுப் பின்னால் இரும்புப் பட்டை வைத்து நட்டு முடுக்க வேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன். நம்முடையது வரிசை வீடு, சுவர் ஒன்றுதான், அந்தப் பக்கம் மஹ்பூபாவின் சமையலறை என்பது துளை முழுசாகப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இருபது வருஷமாகப் பக்கத்து வீடு. தீபாவளிக்கு முறுக்கு போகும், பெருநாளுக்குக் குவே பலகாரம் வரும், எல்லாம் வாசல் கேட்டோடு சரி. அன்றைக்குச் சட்டியும் கையுமாக வந்து நின்றாள். சண்டைதான் என்று நினைத்தேன்.

"அக்கா, மீன் கொழம்பு ஃபுல்லா மண்ணு. மிச்ச மூணு ஓட்டையாச்சும் சொல்லிட்டுப் போடுங்க லா," என்றாள்.

பிறகு அவளே அந்தப் பக்கம் ஸ்பானரோடு நின்றாள். நான் இங்கிருந்து குரல் கொடுக்க, அவள் அங்கே நட்டை முடுக்கினாள். வருகிற போல்ட்டு ஏன் சும்மா வர வேண்டும் என்று, அதிலேயே மசாலா டப்பாக்களுக்கு ஒரு பலகையும் மாட்டிக்கொண்டாள். பழனியப்பன் தப்பான இடத்தில் போட்ட ஐந்தாவது துளை மட்டும் அடைக்காமல் கிடக்கிறது. காலையில் அதன் வழியாக, பசியாறிட்டீங்களா அக்கா என்று கேட்கிறாள். கோபித்துக்கொள்ளாதே தம்பி, நீ கேட்பது மாதத்துக்கு ஒரு தடவை.

எந்திரம் இப்போது அசையவில்லை. பழனியப்பன் தொங்கியே பார்த்துவிட்டார். வாங்குபவரிடம் தைரியமாகக் காட்டலாம்.

விளக்கேற்றும்போதெல்லாம் உங்கள் இருவர் பேரையும் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா நவமணி

பி.கு.: எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரையும் அழைத்து வராதே. வருகிறவர் எந்திரத்தைக் கழற்றினால் மஹ்பூபாவின் பலகை விழுந்துவிடும் என்று காரணம் எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். உன்னிடம் பொய் எதற்கு? கழற்ற அரை மணி நேரம் போதும், பலகையை மாட்ட அவளுக்கு வேறு இடம் உண்டு. எனக்குத்தான் இங்கிருந்து வர மனம் இல்லை. நீயும் துளசியும் சாப்பிட வாருங்கள். வந்து, அந்தத் துளையை மட்டும் அடைக்கச் சொல்லாதே.