மாமியார் கையில் குதிக்கும் பொத்தான்

வீடியோ கேம் ஒன்று சினிமாவாக வரப்போகிறது என்று செய்தி வந்தால் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் என் மாமியார் முதலில் தன் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வார். காரணம் நான்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அணுபுரம் குவார்ட்டர்ஸில், தம்பி படிக்க அப்பா வாங்கிய கம்ப்யூட்டரை நான் அபகரித்து வைத்திருந்தேன். பாழடைந்த கோட்டைக்குள் ஒருத்தி துப்பாக்கியோடு ஓடிக் குதிக்கும் விளையாட்டு. சோறு தண்ணி மறந்து கீபோர்டைத் தட்டித் தட்டி ஆடுவேன். எனக்குச் சம்பந்தம் பேசிய ஊரப்பாக்கத்துக்காரர்கள் போன் செய்யும்போதெல்லாம் பின்னணியில் டக் டக் என்று சத்தம் கேட்கும். "டைப்பிங் பழகுறா" என்பார் அம்மா, கூசாமல். (நிச்சயதார்த்தத்தில் என் டைப்பிங் ஆர்வத்தைப் பாராட்டாத ஆள் இல்லை.)

அந்த விளையாட்டு படமாகிறது என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஒருவழியாகத் தமிழ் பேசிக்கொண்டு அது செங்கல்பட்டுக்கு வந்தபோது கல்யாணத்துக்குச் சில வாரங்களே பாக்கி. மாப்பிள்ளை போனில், "எதுனா படத்துக்குப் போலாமா?" என்று கேட்டதும் சட்டென்று அதன் பெயரைச் சொல்லிவிட்டேன். பாவம், காதல் படம் என்று நினைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் தனியாக அனுப்புவார்களா? இரண்டு அம்மாக்களும் கூடவே வந்தார்கள். அவருக்கும் எனக்கும் நடுவில் வேலி மாதிரி வருங்கால மாமியார் உட்கார்ந்தார். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்த, மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடும் ஆசாமி. கல்யாணத்துக்கென்று கை நிறையப் புதுக் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். இந்தப் பக்கம் அம்மா என் காதில், "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றார்.

வாயை அடக்கிக்கொண்டேன். விரல்களை மறந்துவிட்டேன்.

கதாநாயகி கோட்டைக்குள் நுழைந்ததும் என் வலது கை தானாகக் கைப்பிடியில் இறங்கியது. அங்கே ஏற்கெனவே அத்தையின் கை இருந்தது. அவள் ஓடினாள், நான் அழுத்தினேன். அவள் தாவினாள், நான் ஓங்கி அழுத்தினேன். அத்தை "ஸ்ஸ்!" என்றார். (படத்தில் ஒன்றிவிட்டார் என்று பூரித்துப்போனேன்.) அப்போதுதான் அந்த மடச்சி, இரண்டு கதவுகளுக்கு முன்னால் நின்று யோசித்து, வலது கதவைத் திறந்தாள். அதற்குப் பின்னால் இருக்கும் பூதத்திடம் நான் எத்தனை முறை செத்திருக்கிறேன்!

"இடது பக்கம் போடி, லூசு! குதி! குதி!"

எழுந்து நின்று கத்தியபடியே, குதிக்கும் பொத்தானை ஒரே குத்தாகக் குத்தினேன். கலகலவென்று ஏதோ நொறுங்கியது. அதே நொடியில் இடைவேளை விளக்குகள் எரிந்தன.

தரையெல்லாம் பச்சைக் கண்ணாடித் துண்டுகள். அத்தையின் மணிக்கட்டில் ரத்தக் கீறல். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் சுமங்கலியின் வளையலை மருமகளே உடைப்பதா! இதைவிடச் சின்ன அபசகுனத்துக்கெல்லாம் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை பாக்கெட்டில் கர்ச்சீப்பைத் தேடினார். எனக்கு அழுகை முட்டியது. அந்த மனிதரை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

அத்தை தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதான் உன் டைப்பிங்கா?"

குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அந்தாண்ட கதவுல போயிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"பொழைச்சிருப்பா அத்தை. அங்கதான் மருந்துப் பெட்டி இருக்கு."

"அப்ப இன்னாத்துக்கு இந்தாண்ட போனா, அறிவு கெட்டவ?"

"அதைத்தான் அத்தை நானும் கேக்குறேன்!"

"சம்பந்தி, வளையல்..." என்று அம்மா தழுதழுத்தார்.

"வளையல் இன்னா, பஜார்ல கெடைக்காதா? போம்போது உங்க பொண்ணே வாங்கிப் போடட்டும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒக்காரு. அப்பால இன்னா ஆவுது, சொல்லு."

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எந்த விளையாட்டு படமாக வரப்போகிறது என்றாலும், "கதை இன்னா?" என்று கேட்டு முதலில் கிளம்புவது அத்தைதான். தியேட்டரில் உட்காரும் ஏற்பாடு மட்டும் மாறிவிட்டது. இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் என் கணவர்தான் வேலி.

"நீ நடுவுல ஒக்காருடா" என்பார் அத்தை, வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டபடி. "கட்டிக்கினவன் நீதான? ஒடஞ்சா உன் கை ஒடையட்டும்."